கட்டிலுக்கு வந்து சேர்ந்த பிறகு

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரியின் கரையோரமாக நீண்டு கிடக்கும் நாடு மலாவி. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. இரண்டு கோடிக்கும் அதிகமான மக்களில் பெரும்பாலோர் மக்காச்சோளம் பயிரிட்டுப் பிழைக்கும் கிராமத்தார். 2004இல் அங்கே நூறு பிரசவங்களில் 57தான் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடந்தன. 2010இல் அது 73 ஆயிற்று; 2015-16 கணக்கெடுப்பில் 91. பன்னிரண்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் பெண்கள் ஏறக்குறைய எல்லோரும் வீட்டுத் தரையை விட்டு மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்துவிட்டார்கள். எந்த நாடும் பெருமைப்படக்கூடிய சாதனை இது.

அதே கணக்கெடுப்புகளில் இன்னொரு வரிசையும் இருக்கிறது. உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் 28 நாட்களுக்குள் இறந்தவை 2004இல் 27, 2010இல் 31, 2015-16இல் மறுபடியும் 27. அத்தனை பெண்கள் இடம் மாறிப் பிரசவித்தும் பச்சிளம் குழந்தைகளின் சாவு அசையவில்லை.

தாய்மார்களின் கணக்கு இதைவிட ஆறுதலானது. 2000த்தில் ஒரு லட்சம் பிறப்புக்கு 1,120 தாய்மார்கள் இறந்தார்கள். 2004இல் 984, 2010இல் 675, 2015-16இல் 439. ஆனால் இந்த இறக்கம் முழுவதையும் பிரசவ அறையின் வரவில் எழுதிவிட முடியாது. எய்ட்ஸ் உச்சத்தில் இருந்த காலத்தில் எச்.ஐ.வி. தொற்றோடு கர்ப்பமுற்ற பெண்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். பிறகு கூட்டு மருந்து வந்தது. தொற்றுள்ள கர்ப்பிணிக்கு வேறு எந்தப் பரிசோதனை முடிவுக்கும் காத்திராமல் ஆயுள் முழுவதற்குமான சிகிச்சையை உடனே தொடங்குவது என்ற முறையை 2011இல் உலகிலேயே முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு மலாவிதான். தாய்மார் இறப்பு குறைந்ததில் அந்த மாத்திரைகளுக்குக் கணிசமான பங்கு உண்டு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பிரசவத்தின்போது ரத்தம் பெருகிய பெண்ணுக்கும் வலிப்பு கண்ட பெண்ணுக்கும் அந்தக் கட்டிலில் என்ன கிடைத்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

உலக அளவில் இந்தக் கேள்விக்கு நாற்பது வயது. 1985இல் ஆலன் ரோசன்ஃபீல்ட், டெபரா மெய்ன் இருவரும் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்-சேய் நலம் என்ற பெயரில் நடக்கும் திட்டங்களில் சேய் இருக்கிறது, தாய் எங்கே என்று கேட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து நைரோபியில் கூடிய மாநாட்டில் ‘பாதுகாப்பான தாய்மை’ இயக்கம் பிறந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அந்த இயக்கம் இரண்டு வழிகளைப் பெரிதும் நம்பியது: கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தருவது, ஆபத்துள்ள கர்ப்பிணிகளை முன்கூட்டியே அடையாளம் காண்பது. இரண்டும் கைகொடுக்கவில்லை. உயரம் குறைந்தவள், தலைப்பிரசவக்காரி, பல பிள்ளை பெற்றவள் என்று பட்டியல் போட்டார்கள். சிக்கல் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு உயிருக்கு ஆபத்தான சிக்கல் வரலாம். அந்தப் பதினைந்து பேர் யார் என்று எந்த மருத்துவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

முன்னறிய முடியாது என்றால், வந்த பிறகு காப்பாற்றும் வசதி எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு மெய்ன் ஒரு தோராயக் கணக்குப் போட்டார். கருப்பை கிழிந்தால் சாவதற்கு ஒரு நாள் ஆகலாம். வலிப்புக்கு இரண்டு நாள், கிருமித் தொற்றுக்கு ஆறு நாள். குழந்தை பிறந்த பின் ரத்தம் பெருகினால் இரண்டு மணி நேரம்தான்.

இதிலிருந்து ‘அவசரப் பேறுகால மருத்துவம்’ என்ற வரையறை உருவாயிற்று. 1997இல் ஐ.நா. அமைப்புகள் அதற்கு வழிகாட்டி வெளியிட்டன, 2009இல் திருத்தின. ஊசி வழியாகக் கிருமிக்கொல்லி, கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து, வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட், வெளிவராத நஞ்சைக் கையால் எடுப்பது, கருப்பையில் தங்கிய மிச்சத்தை உறிஞ்சி எடுப்பது, வாக்குவம் வைத்துக் குழந்தையை எடுப்பது, மூச்சு விடாத குழந்தைக்குப் பையும் முகமூடியும் கொண்டு மூச்சுக் கொடுப்பது ஆகிய ஏழையும் செய்யும் இடம் அடிப்படை நிலையம். சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் சேர்ந்தால் அது முழுமையான நிலையம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ‘சீமாங்’ என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் பிரிவு இந்த இரண்டாவது வகைதான். 5 லட்சம் பேருக்கு இரண்டு வகையும் சேர்த்து ஐந்து இடங்களாவது வேண்டும், அதில் ஒன்றாவது முழுமையானதாக இருக்க வேண்டும் என்பது அளவுகோல். சிக்கலோடு வந்தவர்களில் இறப்போர் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று.

மலாவியை இந்த அளவுகோலால் நாடு முழுவதும் 2005இல் அளந்தார்கள். முழுமையான நிலையங்கள் எண்ணிக்கையில் போதுமான அளவு இருந்தன. மாவட்ட மருத்துவமனைகளும், கிறிஸ்தவ மிஷன்கள் நடத்தும் மருத்துவமனைகளும் அதற்குக் காரணம். அடிப்படை நிலையங்களோ அரிதிலும் அரிது. கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுகாதார நிலையங்களில் அடிப்படைப் பணிகள் எல்லாவற்றையும் செய்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். சிசேரியன் விகிதம் 3 சதவீதத்துக்கும் குறைவு. சிக்கலோடு வந்து சேர்ந்தவர்களில் இறந்தவர்கள் 3 சதவீதத்துக்கும் மேல்.

அந்தக் காலத்தில் விவாதமெல்லாம் தாமதங்களைப் பற்றியதாக இருந்தது. 1994இல் செரீன் தாடியஸும் மெய்னும் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு தாமதத்தை மூன்றாகப் பிரித்தது: வீட்டில் முடிவெடுப்பதில், வழியில், மருத்துவமனைக்குள். அரசுகளுக்கும் நன்கொடையாளர்களுக்கும் முதலிரண்டில் கைவைப்பது எளிதாக இருந்தது. மலாவியில் அதற்குப் பலனும் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மங்கோச்சி மாவட்டத்தில் 2001-02இல் ஒதுக்குப்புறச் சுகாதார நிலையங்கள் மூன்றில் பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிள் ஆம்புலன்ஸ்களை நிறுத்திப் பார்த்தார்கள். மேல் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் தாமதம் இரண்டு மணியிலிருந்து நாலரை மணி நேரம் வரை குறைந்தது. ஒரு கார் ஆம்புலன்ஸ் வாங்கும் விலையில் பத்தொன்பது மோட்டார் சைக்கிள்கள் வாங்கலாம். ஏழை நாட்டுக்கு ஏற்ற, கச்சிதமான தீர்வு.

முதல் தாமதத்தைத் தீர்க்க மலாவி கடுமையான வழியை எடுத்தது. அங்கே ‘அசாம்பா’ என்று அழைக்கப்படும் மருத்துவச்சிகள் பிரசவம் பார்க்கக் கூடாது என்று 2007இல் அரசு உத்தரவிட்டது. ஊர்த் தலைவர்கள் அதை நிறைவேற்றினார்கள். வீட்டில் பெற்றவளுக்கு ஆடோ கோழியோ அபராதம் போட்ட ஊர்களும் உண்டு. 2010இல் அன்றைய அதிபர் பிங்கு வா முத்தாரிக்கா இந்தத் தடையைத் தளர்த்திப் பேசினாலும், வீட்டுப் பிரசவத்துக்கு எதிரான ஊர்க் கட்டுப்பாடு ஓயவில்லை. 2012இல் அதிபரான ஜாய்ஸ் பண்டா தாய்மார் நலனைத் தன் சொந்தப் பணியாகவே எடுத்துக்கொண்டார். 1984இல் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் தான் உயிருக்குப் போராடியதை அவர் மேடைகளில் வெளிப்படையாகப் பேசினார். நிறைமாதப் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கக் காத்திருப்பு இல்லங்கள் கட்டப்பட்டன.

தடையின் விளைவை சுசன் காட்லன்டன், எட்வர்ட் ஒகேகே என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அசாம்பாக்களிடம் போகும் பெண்களின் விகிதம் 15 புள்ளிகள் அளவுக்குச் சரிந்தது. அவர்கள் மருத்துவ நிலையங்களுக்குப் போனார்கள். ஆனால் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு குறைந்ததற்குத் திடமான சான்று கிடைக்கவில்லை. அதே ஆண்டில் ஹன்னா லெஸ்லியும் மார்கரெட் குருக்கும் மலாவிச் சுகாதாரத் துறையினரோடு சேர்ந்து செய்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. நாட்டின் பிரசவ நிலையங்களைத் தரவாரியாக வரிசைப்படுத்தி, தரம் உயர்ந்த நிலையத்தில் பெற்றவர்களையும் மற்ற நிலையத்தில் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். உயர்ந்த தரத்தில் இருந்த இடங்களில் ஆயிரத்துக்கு 23 குழந்தைகள் குறைவாக இறந்ததாகக் கணக்கு வந்தது. பெண் மருத்துவமனைக்கு வந்தாளா என்பது பாதிக் கேள்விதான், எந்த மருத்துவமனைக்கு வந்தாள் என்பது மீதி என்பதை இந்த இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து சொல்கின்றன.

இனி அந்தச் சுகாதார நிலையத்துக்குள் போகலாம். பிரசவத்துக்கு வரும் பெண் கையோடு சில பொருட்களைக் கொண்டுவர வேண்டும். கட்டிலில் விரிக்கக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, தொப்புள்கொடி வெட்டப் புது பிளேடு, துடைக்கவும் குழந்தையைச் சுற்றவும் ‘சித்தெஞ்சே’ என்ற பூப்போட்ட பருத்தித் துணி சில. துணைக்கு வரும் தாயோ அக்காவோ வெளியே தங்கிச் சமைப்பாள். இரவில் பல இடங்களில் பணியில் இருப்பது ஒரே ஒரு செவிலியர்-மருத்துவச்சி. குழந்தை பிறக்கிறது, நஞ்சும் விழுகிறது, ரத்தம் நிற்கவில்லை. எவ்வளவு போயிற்று என்பது தெரியாது. பாதி துணியில் ஊறிவிட்டது, மீதி பிளாஸ்டிக்கின் மடிப்பில். கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ரத்தப்போக்கு என்று புரியும்போது ஒரு கை வயிற்றின் மேல் கருப்பையை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொரு கை ஊசி ஏற்ற நரம்பு தேட வேண்டும். ஆக்ஸிடோசின் குளிர்பெட்டியில் இருக்கிறது. அந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் வீரியம் நிற்கும்; மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் பெட்டியில் இருக்கும் மருந்துக்கு இன்னும் வீரியம் உண்டா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆம்புலன்ஸுக்கு யாராவது போன் செய்ய வேண்டும். இதற்கிடையில் பக்கத்துக் கட்டிலில் குழந்தை மூச்சு விடாமல் கிடந்தால்? அவளுக்கு இருப்பது இரண்டு கைகள். அவளைக் குற்றம் சொல்லும் மரண விசாரணைக் குறிப்புகள் எனக்கு வேதனை தருகின்றன.

அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்குப் போனால் அடுத்த சிக்கல் ரத்தம். 2004இல் தேசிய ரத்த சேவை தொடங்கும்வரை உறவினர்கள் கொடுத்தால்தான் ரத்தம். இப்போது தானமாக வரும் ரத்தத்தில் பெரும்பங்கு பள்ளி மாணவர்களுடையது. பள்ளி விடுமுறையில் வரத்துக் குறையும். மழைக்காலத்திலோ மலேரியாவால் ரத்தம் வற்றிய குழந்தைகள் வார்டை நிறைப்பார்கள். வங்கியில் இருக்கும் சில பைகளுக்குத் தாயும் குழந்தையும் போட்டி போடும் நிலை வருகிறது.

அறுவை செய்வது யார் என்பதில் மலாவி உலகுக்கே பாடம் சொல்லக்கூடிய நாடு. 1991இல்தான் அங்கே மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்டங்களுக்கு டாக்டர்கள் கிடைக்காத நிலையில், மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்த ‘கிளினிக்கல் ஆபீசர்’கள் சிசேரியன் செய்தார்கள். இது பாதுகாப்பானதா என்று வெளிநாட்டு நிபுணர்கள் முகம் சுளித்தது உண்டு. 2007இல் வெளியான சிலோபோரா குழுவின் ஆய்வு 2,131 அவசர அறுவைகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் 88 சதவீதத்தைச் செய்தவர்கள் கிளினிக்கல் ஆபீசர்கள். டாக்டர்கள் செய்ததற்கும் இவர்கள் செய்ததற்கும் விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பக்கத்து நாடான மொசாம்பிக் 1984இலிருந்தே இதுபோன்ற அறுவை நுட்பர்களைப் பயிற்றுவித்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது அவர்களில் 88 சதவீதம் பேர் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட டாக்டர்களில் ஒருவர்கூட இல்லை. டாக்டர் இல்லாத ஊரில் டாக்டர்தான் அறுக்க வேண்டும் என்று விதி எழுதுவது பெண்களைச் சாகவிடுவதற்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் கத்தி பிடிக்க ஆள் கிடைத்ததோடு காரியம் முடிவதில்லை. 1998 முதல் 2000 வரை மலாவி மருத்துவமனைகளில் நடந்த 8,070 சிசேரியன்களை மயக்க மருத்துவர் பால் ஃபென்டன் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். 85 தாய்மார்கள் இறந்தார்கள். நூற்றில் ஒருவருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது மேசையில் அல்ல, அறுவை முடிந்து வார்டுக்குத் திரும்பிய பிறகு. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இரவில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத வார்டு. இருபது ஆண்டுகள் கழித்து, 2019இல், 22 ஆப்பிரிக்க நாடுகளில் எடுத்த கணக்கிலும் சிசேரியனுக்குப் பின் தாய் இறக்கும் வாய்ப்பு பணக்கார நாடுகளைவிட 50 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. சிசேரியன் விகிதத்தை உயர்த்துவதையே முன்னேற்றமாக எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போது இந்த வார்டை மறக்கக் கூடாது.

அப்படியானால் தரத்தை உயர்த்துவது எப்படி? சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்து, பக்கத்தில் நின்று பழக்கினால் போதும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். உத்தரப் பிரதேசத்தில் 120 நிலையங்களில் நடந்த ‘பெட்டர் பர்த்’ ஆய்வு 2017இல் வெளியானது. செவிலியர்கள் கை கழுவினார்கள், மருந்தை நேரத்தில் கொடுத்தார்கள், நடைமுறை கண்கூடாகத் திருந்தியது. தாய் சேய் இறப்பு மட்டும் குறையவில்லை. பிரசவம் ஒழுங்காகப் பார்ப்பது வேறு, சிக்கல் முற்றிய பிறகு மீட்பது வேறு. மேல்சிகிச்சை கைக்கெட்டாத இடத்தில் பட்டியல் மட்டும் உயிர் காக்காது என்பதே இந்த முடிவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

சிக்கலையே நேராகக் குறிவைத்தவை வேறு விதமாக முடிந்தன. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளிவந்த ‘இ-மோட்டிவ்’ ஆய்வை எடுத்துக்கொள்வோம். இடுப்புக்கடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை விரிக்கப்பட்டது. ரத்தம் கோட்டைத் தொட்டதும் கருப்பையைத் தேய்ப்பது, சுருங்கவைக்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழி நீர், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பார்ப்பது ஆகிய ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தார்கள். பழைய முறையில் ரத்தப்போக்கில் பாதியைத்தான் கண்டுபிடித்தார்கள். பையோடு 93 சதவீதம் பிடிபட்டது. ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, வயிற்றைத் திறக்க நேர்வது, இறப்பு ஆகியவற்றைச் சேர்த்த கணக்கு 60 சதவீதம் சரிந்தது. கிருமித் தொற்றிலும் இதே தடம்தான். சீழ்பிடித்துச் சாகும் தாய்மாருக்கான ஐந்து அம்சச் சிகிச்சைத் தொகுப்பு மலாவியிலேயே முதலில் சோதிக்கப்பட்டது. பிறகு மலாவி, உகாண்டா இரண்டிலுமாக 59 மருத்துவமனைகளில் கைச்சுத்தத்தோடு அதைச் சேர்த்துச் செயல்படுத்தியபோது தொற்றால் வரும் இறப்பும் கடும் பாதிப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. புது மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இவற்றில் இல்லை. இருந்ததை வேளையில் கண்டு, கூட்டாகச் செய்ததுதான் வித்தியாசம். கூட்டாக என்ற சொல்லுக்கு அடிக்கோடு இட வேண்டும்: ஐந்தையும் ஒரே மூச்சில் செய்ய ஒருத்தி போதாது.

இன்று பெரிய சர்ச்சை இன்னொன்று. சிறு நிலையங்களை நம்பிப் பயனில்லை, எல்லாப் பிரசவங்களையும் அறுவை வசதியுள்ள மருத்துவமனைகளுக்கே மாற்றிவிடுங்கள் என்று மார்கரெட் குருக் தலைமையிலான லான்செட் ஆணையம் 2018இல் பரிந்துரைத்தது. மேலே சொன்ன சான்றுகளைப் பார்த்தால் வாதம் வலுவானதுதான். ஆனால் மலாவியின் நிலத்தில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். தலைநகர் லிலோங்வேயின் ப்வைலா மருத்துவமனையில் இப்போதே ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமான பிரசவங்கள். கிராமத்துப் பெண்களையும் அங்கே திருப்பினால் அந்த வார்டு என்ன ஆகும்? 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தென்பகுதிச் சாலைகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனபோது தொலைவில் உள்ள மருத்துவமனை யாருக்கு எட்டியிருக்கும்? மருத்துவமனை வார்டுகளில் ஆளும் ரத்தமும் சேர்வதற்கு முன் சிறு நிலையங்களை மூடுவது, அசாம்பாக்களைத் தடுத்து 2007இல் செய்த தவறை இன்னும் பெரிய அளவில் செய்வதாகும்.

எப்படிப் பார்த்தாலும் விஷயம் ஆட்களில் வந்து நிற்கிறது. ஆட்களைப் பெருக்குவதை மலாவி ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 2004இல் பிரிட்டன் முதலிய நாடுகளின் உதவியோடு சுகாதாரப் பணியாளர்களுக்குச் சம்பளத்தின் மேல் 52 சதவீதம் கூட்டிக்கொடுத்தது, பயிற்சி இடங்களைப் பெருக்கியது. ஐந்தாண்டில் பணியாளர் எண்ணிக்கை பாதிக்கும் மேல் கூடியது. உதவி முடிந்ததும் வேகம் நின்றது. பயிற்சி முடித்த செவிலியர்கள் வேலைக்குக் காத்திருக்க, பணியிடங்கள் காலியாகக் கிடந்தன; அரசிடம் சம்பளம் கொடுக்கக் காசில்லை. 2025இல் அமெரிக்கா தன் உதவியைத் திடீரென நிறுத்தியதும், இந்தத் துறை எவ்வளவு தூரம் அடுத்தவர் கையை நம்பி நிற்கிறது என்பது அம்பலமாயிற்று.

2030க்குள் ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய்மார் இறப்பை 70க்குக் கீழே கொண்டுவருவோம் என்று உலக நாடுகள் எல்லாம் கையெழுத்திட்டிருக்கின்றன. அதற்காகப் பணம் ஒதுக்குவோருக்கும் மலாவி அரசுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இன்னொரு பிரசவ வார்டுக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்பு, இருக்கிற ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இரவுப் பணிக்கு இரண்டாவது மருத்துவச்சியை நியமியுங்கள், அவர் சம்பளத்தை எந்த நன்கொடையும் நின்றாலும் நிற்காத கணக்கில் எழுதுங்கள்.